பல்சக்கரமும் நவீன இயற்பியலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளி, பாலிடெக்னிக் மாணவர்களுக்கு மாலை நேரத்தில் இயற்பியல் சொல்லித் தருகிறேன். போகும் இடமெல்லாம் ஒரு துணிப்பை கூடவே வரும். அதில் பழைய சுவர்க் கடிகாரத்தின் பித்தளைச் சக்கரங்கள், சைக்கிள் ஃப்ரீவீல் ஒன்று, பொம்மைக் காரிலிருந்து கழற்றிய பிளாஸ்டிக் பல்சக்கரங்கள் எல்லாம் கிடக்கும். மேசையில் கொட்டியதும் கேள்விகள் ஆரம்பித்துவிடும். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை, கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே எழுதியிருக்கிறேன். சில பதில்கள் முந்தைய பதில்களின் மேல் நிற்பவை. அதனால் வரிசையாகப் படியுங்கள்.

பல்சக்கரம் ஒர்க்‌ஷாப் சமாச்சாரம். அதுக்கும் நவீன இயற்பியலுக்கும் என்ன சார் சம்பந்தம்?

பல்சக்கரம் செய்வது ஒரே வேலைதான். ஒன்றின் சுழற்சியை இன்னொன்றின் சுழற்சியோடு வழுக்கலுக்கு இடமில்லாமல் கட்டிப்போடுகிறது. 20 பல் சக்கரம் 40 பல் சக்கரத்தோடு கோத்துக்கொண்டால், இது இரண்டு சுற்று சுற்றும்போது அது சரியாக ஒரு சுற்று. கொஞ்சம் கூடவோ குறையவோ செய்யாது. 'இது இவ்வளவு நகர்ந்தால் அது இவ்வளவுதான் நகர முடியும்' என்ற கட்டுப்பாடு இயற்பியலில் எங்கெல்லாம் வருகிறதோ, அங்கெல்லாம் பல்சக்கரம் எட்டிப்பார்க்கும்.

சில இடங்களில் அது நிஜக் கருவி. சில இடங்களில் யோசிக்க உதவிய படம் மட்டுமே. இன்னும் சில இடங்களில் இரண்டுக்கும் அச்சு அசலாக ஒரே கணக்கு. இந்த வேறுபாட்டைப் பார்க்காமல் 'பிரபஞ்சமே ஒரு கடிகாரம்' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. கீழே ஒவ்வொரு இடத்திலும் எது எந்த வகை என்று சொல்லிவிடுகிறேன்.

சின்னச் சக்கரத்தைச் சுத்தினா பெரிய சக்கரத்துல பலம் கூடுதே, அந்தக் கூடுதல் ஆற்றல் எங்கிருந்து வருது?

கூடுவது முறுக்குவிசை, அதாவது சுற்றிவிடும் பலம். ஆற்றல் இல்லை. முறுக்குவிசை இரண்டு மடங்கானால் சுழலும் வேகம் பாதியாகிவிடும். இரண்டையும் பெருக்கினால் வருவதுதான் திறன். உராய்வில் போகும் கொஞ்சத்தைக் கழித்துவிட்டால் அது இரு பக்கமும் ஒன்றுதான். கியர் சைக்கிளில் மேடு ஏறும்போது கால் வேகமாகச் சுற்றுகிறது, வண்டி மெதுவாக நகர்கிறது. காலுக்கு லேசாக இருந்தாலும் மேட்டை ஏறி முடிக்கச் செய்யும் வேலை குறைவதில்லை.

பல்சக்கரத்தை வச்சு ஒளியோட வேகத்தை அளந்தாங்கன்னு சொல்றது நிஜமா?

நிஜம்தான். அங்கே பல்சக்கரம் உவமை இல்லை, கருவி. 1849-இல் பாரிசுக்குப் பக்கத்தில் இப்போலித் ஃபிசோ அதைச் செய்தார். சுரேன் என்ற இடத்திலிருந்து ஒரு ஒளிக்கற்றையை 720 பற்கள் கொண்ட சக்கரத்தின் பல் இடுக்கு வழியாக அனுப்பினார். 8,633 மீட்டர் தள்ளி மோன்மார்த்ர் குன்றில் ஒரு கண்ணாடி. ஒளி அங்கே போய் மோதித் திரும்பி, அதே சக்கரத்துக்கு வர வேண்டும்.

சக்கரம் மெதுவாகச் சுற்றினால், போன இடுக்கு வழியாகவே ஒளி திரும்பிவிடும். கண் வைத்துப் பார்ப்பவருக்கு ஒரு வெளிச்சப் புள்ளி தெரியும். வேகத்தைக் கூட்டக் கூட்டப் புள்ளி மங்கும். நொடிக்கு 12.6 சுற்று வந்தபோது அது மறைந்தே போனது. ஒளி போய் வருவதற்குள் இடுக்கு இருந்த இடத்துக்கு அடுத்த பல் வந்து வழியை அடைத்துவிட்டது. வேகத்தை இரட்டிப்பாக்கினால் வெளிச்சம் மறுபடி வரும். இந்த முறை ஒளி அடுத்த இடுக்கு வழியாக நுழைகிறது.

இனி கணக்கு நம்முடையது. 720 பல், 720 இடுக்கு, நொடிக்கு 12.6 சுற்று. இடுக்கின் இடத்துக்குப் பல் வர ஆகும் நேரம் ஒரு நொடியில் 18,144-இல் ஒரு பங்கு. அதற்குள் ஒளி 17,266 மீட்டர் போயிருக்கிறது. பெருக்கிப் பாருங்கள், நொடிக்குச் சுமார் 3,13,000 கி.மீ வரும். இன்றைய மதிப்பு 2,99,792.458 கி.மீ. பித்தளைச் சக்கரத்தை வைத்து ஐந்து சதவீதத்துக்குள் வந்துவிட்டார்! பத்தாம் வகுப்புக் கணக்கில் முடிகிற இந்தச் சோதனையை ஒவ்வொரு வகுப்பிலும் கரும்பலகையில் போட்டுக் காட்டுகிறேன்.

மாக்ஸ்வெல் வெற்றிடத்துக்குள்ள பல்சக்கரம் இருக்குன்னு நம்பினாராமே?

நம்பினார் என்று சொல்லக் கூடாது. மின்சாரத்தையும் காந்தத்தையும் ஒரே கோட்பாட்டில் இணைத்த இயற்பியலாளர் அவர். 1861–62-இல் வெளியான கட்டுரையில், காந்தப்புலம் என்பது ஒரு ஊடகத்துக்குள் இருக்கும் நுண்ணிய சுழல்களின் சுழற்சி என்று வைத்துக்கொண்டு யோசித்தார். உடனே ஒரு சிக்கல் வந்தது. பக்கத்துப் பக்கத்துச் சுழல்கள் எல்லாம் ஒரே திசையில் சுற்ற வேண்டும். ஆனால் ஒட்டி நிற்கும் இரண்டு சக்கரங்கள் ஒரே திசையில் சுற்றினால், தொடும் இடத்தில் ஒன்று மேலே போகும், இன்னொன்று கீழே வரும். இரண்டும் தேய்த்துக்கொண்டு நின்றுவிடும்.

லேத் பட்டறையில் இதற்கு என்ன செய்வார்கள் என்று அவருக்குத் தெரியும். நடுவே ஒரு சின்னச் சக்கரத்தைச் செருகுவார்கள். நம் ஊர்ப் பட்டறைகளில் ஐட்லர் என்பார்கள். மாக்ஸ்வெல்லும் சுழல்களுக்கு நடுவே சின்னஞ்சிறு உருளைகளைச் செருகினார். அந்த உருளைகள் இடம்பெயர்ந்து நகர்ந்தால் அதுதான் மின்னோட்டம். அப்புறம் சுழல்களுக்குக் கொஞ்சம் மீள்தன்மை கொடுத்தார். அழுத்தினால் அவை வளைந்து கொடுக்கும், உருளைகளும் கொஞ்சம் நகரும். கம்பியே இல்லாத இடத்திலும் ஒரு வகை மின்னோட்டம் கிடைத்தது. இன்று இடப்பெயர்ச்சி மின்னோட்டம் என்று படிக்கிறோமே, அது பிறந்தது இந்த உருளைகளில்தான்.

மீள்தன்மை இருந்தால் அலை ஓடும். அதன் வேகத்துக்கான சூத்திரத்தைக் கோடையில் ஸ்காட்லாந்து கிராமத்து வீட்டில் இருந்தபோது போட்டார். வேபர், கோல்ராஷ் என்ற இரண்டு இயற்பியலாளர்கள் மின் அளவீட்டில் கண்ட எண்ணைப் பிறகு பார்த்துச் சூத்திரத்தில் போட்டபோது நொடிக்கு 3,10,740 கி.மீ வந்தது. ஒப்பிட அவர் எடுத்துக்கொண்டது ஃபிசோவின் பல்சக்கர அளவை. அவர் தந்த கணக்கில் அது 3,14,858 கி.மீ. ஒளி ஒரு மின்காந்த அலை என்ற முடிவுக்கு அந்த ஒப்பீடுதான் கொண்டுபோனது. கற்பனைச் சக்கரத்தில் வந்த எண்ணும் நிஜச் சக்கரத்தில் வந்த எண்ணும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

அப்போ அந்தப் படம் தப்புதானே? தப்பான படத்திலிருந்து சரியான விடை எப்படி வந்துச்சு?

படம் தப்புதான். இந்த இணைப்பு இயற்கையில் இருப்பதாக நான் சொல்லவில்லை என்று மாக்ஸ்வெல் அந்தக் கட்டுரையிலேயே எழுதியிருக்கிறார். 1865-இல் வெளியான அடுத்த பெரிய கட்டுரையில் சுழலும் இல்லை, உருளையும் இல்லை. சமன்பாடுகள் மட்டும் நின்றன.

சக்கரங்கள் அவருக்குக் கொடுத்தது உறவுகளை. எது நகர்ந்தால் எது நகர வேண்டும், எவ்வளவு நகர வேண்டும் என்ற கணக்கு சரியாக இருந்தது. அந்தக் கணக்கை வேறு எந்தப் பொருளில் செய்திருந்தாலும் அதே சமன்பாடு வந்திருக்கும். சாரத்தைக் கட்டாமல் கோபுரம் எழாது, எழுந்தபின் சாரத்தைப் பிரித்துவிடுவார்கள். 1880-களின் கடைசியில் ஹெர்ட்ஸ் மின்காந்த அலையைச் சோதனையில் பிடித்தபோது அவருக்கு உருளைகள் தேவைப்படவில்லை.

மூணு பல்சக்கரத்தை முக்கோணமா மாட்டினா ஏன் சுத்தவே மாட்டேங்குது?

என் பலகையில் இப்படி மூன்றை ஆணியடித்து வைத்திருக்கிறேன். யார் வந்தாலும் விரலால் தள்ளிப் பார்ப்பார்கள், அசையாது. முதலாவது வலமாகச் சுற்றினால் இரண்டாவது இடமாக, மூன்றாவது மறுபடி வலமாக. ஆனால் மூன்றாவது முதலாவதையும் தொடுகிறது. இரண்டும் வலமாகச் சுற்ற முடியாது. மாக்ஸ்வெல்லை மறித்த அதே சிக்கல்தான். ஒரே தளத்தில் வளையமாகக் கோத்த சக்கரங்கள் ஒற்றைப்படை எண்ணிக்கையில் இருந்தால் மொத்தமும் பூட்டிக்கொள்ளும். 1998-இல் புழக்கத்துக்கு வந்த பிரிட்டன் 2 பவுண்டு நாணயத்தில் 19 பல்சக்கரங்களை வளையமாகப் பொறித்திருந்தார்கள். அப்படி ஒன்றைச் செய்தால் சுற்றாது.

இனி சக்கரத்தின் இடத்தில் அணுக் காந்தங்களை வையுங்கள். சில பொருட்களில் பக்கத்து அணுக்களின் காந்தங்கள் எதிரெதிர்த் திசையைப் பார்க்க விரும்பும், ஒன்று மேல் என்றால் அடுத்தது கீழ். முக்கோணத்தில் மூன்று அணுக்கள் இருந்தால் இரண்டு ஒத்துப்போகும், மூன்றாவது எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒருவருக்குக் கோபம். இயற்பியலில் இதற்கு ஃபிரஸ்ட்ரேஷன் என்றே பெயர். 1950-இல் வானியே என்பவர் முக்கோணப் பின்னலுக்கு இந்தக் கணக்கைப் போட்டார். தனிச்சுழி வெப்பநிலைக்கு, அதாவது அதற்குமேல் குளிர்விக்கவே முடியாத நிலைக்குப் போனாலும் ஒழுங்கின்மை மிச்சம் இருக்கும் என்று காட்டினார்.

ஒரு இடத்தில் ஒப்புமை நின்றுவிடுகிறது. சக்கரங்கள் பூட்டிக்கொண்டு ஒரு நிலையிலும் ஓடாது. அணுக் காந்தங்களுக்கோ சம ஆற்றல் கொண்ட ஏராளமான நிலைகள் கிடைத்துவிடும், எதில் நிற்பது என்று தெரியாமல் தவிக்கும். ஒற்றைப்படை வளையம் ஒத்துப்போகாது என்ற கணக்கு மட்டும் இரண்டுக்கும் பொது. கலப்படக் காந்தங்களில் இந்தத் தவிப்பு எப்படி வெளிப்படுகிறது என்ற ஆய்வுக்கும் சேர்த்துத்தான் இயற்பியலாளர் பாரிசிக்கு 2021-இல் நோபல் கொடுத்தார்கள்.

ஒரு சக்கரத்தைச் சுத்தி அதே அளவு சக்கரம் உருண்டு வந்தா ஒரு தடவைதானே சுத்தும்?

இரண்டு தடவை. நம்பாவிட்டால் ஒரே அளவு நாணயங்கள் இரண்டை எடுத்து, ஒன்றை அழுத்திப் பிடித்துக்கொண்டு மற்றதை அதன் விளிம்பில் வழுக்காமல் உருட்டுங்கள். பாதி தூரம் போனதுமே தலை நேராக நிமிர்ந்துவிடும். விளிம்பில் உருள்வதால் ஒரு சுற்று, வட்டப்பாதையில் போய் வருவதால் இன்னொரு சுற்று. 1982-இல் அமெரிக்காவின் எஸ்ஏடி நுழைவுத் தேர்வில் இந்த வகைக் கேள்வி ஒன்று வந்தது, அங்கே நடு வட்டம் உருளும் வட்டத்தைவிட மூன்று மடங்கு பெரியது. சரியான விடையான 4, கொடுத்திருந்த விடைகளில் இல்லவே இல்லை. சில மாணவர்கள் எழுதிச் சுட்டிக்காட்டினார்கள்.

நம் பூமியும் இந்தச் சக்கரம்தான். ஆண்டுக்கு 365¼ நாள் என்கிறோம். நட்சத்திரங்களை வைத்து எண்ணினால் பூமி 366¼ முறை தன்னைச் சுற்றியிருக்கும்.

சைக்கிள் ஃப்ரீவீல் மாதிரி ஒரு பக்கம் மட்டும் சுத்துற சக்கரத்தைக் காத்து மூலக்கூறுகளே சுத்திவிடாதா? இலவச மின்சாரம் கிடைக்குமே?

பெடலை நிறுத்திச் சைக்கிளை உருளவிட்டால் 'டிக் டிக் டிக்' என்று ஒரு சத்தம் வருமே, அது ஃப்ரீவீலுக்குள் சாய்ந்த பற்களின் மேல் ஸ்பிரிங் வைத்த சின்னக் கொண்டி ஏறி விழும் சத்தம். ஒரு பக்கம் போக விடும், மறுபக்கம் போனால் பிடித்துக்கொள்ளும். இதை மிகச் சின்னதாகச் செய்து அச்சின் மறுமுனையில் துடுப்புகளைப் பொருத்தினால், மூலக்கூறுகள் மோத மோத ஒரே பக்கம் சுற்ற வேண்டும்தானே? இயற்பியலாளர் ஸ்மோலுகோவ்ஸ்கி 1912-லேயே இதை அலசினார். ஃபெய்ன்மன் 1962-இல் தன் வகுப்பில் விரிவாக விளக்கினார்.

சுற்றாது. துடுப்பை அசைக்கும் அளவுக்கு மூலக்கூறு மோதல் போதும் என்றால், அதே வெப்பம் கொண்டியையும் துள்ள வைக்கும். கொண்டி எழும்பிய நேரத்தில் சக்கரம் பின்னால் நழுவும். இரு பக்கமும் ஒரே வெப்பநிலை என்றால் முன்னால் போவதும் பின்னால் நழுவுவதும் சரிக்குச் சரியாகிவிடும். கொண்டியைக் குளிர்வித்தால் சுற்றும், ஆனால் அப்போது அது சாதாரண வெப்ப எஞ்சின். இரண்டாவது கேள்விக்குச் சொன்ன ஆற்றல் கணக்கை மட்டும் பார்த்தால் இந்தக் கருவியில் தப்பே தெரியாது. எல்லாம் ஒரே வெப்பநிலையில் இருந்தால் அந்த வெப்பத்திலிருந்து மட்டும் வேலை வாங்க முடியாது என்ற வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதிதான் இதைத் தடுக்கிறது.

இதில் ஒரு அழகான திருப்பம் உண்டு. 2010 வாக்கில் இத்தாலியிலும் அமெரிக்காவின் ஆர்கான் ஆய்வகத்திலும் சாய்ந்த பற்கள் கொண்ட நுண்சக்கரங்களை, நீந்தும் பாக்டீரியாக்கள் நிறைந்த திரவத்தில் போட்டார்கள். அவை ஒரே பக்கமாகச் சுற்றின! பாக்டீரியா மூலக்கூறு மாதிரி இல்லை. சத்தை உண்டு, ஆற்றலைச் செலவழித்து நீந்துகிறது. பல் இடுக்கில் மாட்டிக்கொண்டவை தள்ளிக்கொண்டே இருக்கும், சாய்ந்த பக்கத்தில் மோதியவை வழுக்கிப் போய்விடும்.

நூறு பல்சக்கரத்தை வரிசையா மாட்டி வேகத்தை ஏத்திக்கிட்டே போனா கடைசிச் சக்கரம் ஒளியைத் தாண்டிடுமா?

காகிதத்தில் நூறு வேண்டாம், பத்து அடுக்கே போதும். அடுக்குக்குப் பத்து மடங்கு வேகம், கைப்பிடி நொடிக்கு ஒரு சுற்று. கடைசிச் சக்கரம் நொடிக்கு 1000 கோடி சுற்று சுற்ற வேண்டும். ஆரம் 1 செ.மீ என்றால் விளிம்பின் வேகம் நொடிக்கு 6 லட்சம் கி.மீ, ஒளியைப் போல இரண்டு மடங்கு.

கையில் பிடித்தால் கதை வேறு. வேகம் பத்து மடங்கு கூடும் ஒவ்வொரு அடுக்கிலும், கடைசிச் சக்கரத்தின் நிலைமம், அதாவது அசைய மறுக்கும் தன்மை, உங்கள் கைக்கு நூறு மடங்காகத் தெரியும். பத்து அடுக்கில் 1-க்குப் பின் 20 சுழியம் போட்ட மடங்கு. கைப்பிடி அசையாது. அசைத்தே தீருவேன் என்றால் பல் உடையும். அதற்கும் மேலே சார்பியல் ஒன்று சொல்கிறது: கொஞ்சமும் வளையாத பொருள் என்று எதுவும் கிடையாது. இங்கே ஒரு பல்லைத் தள்ளியது மறுமுனைக்குத் தெரிய, எஃகுக்குள் ஓடும் ஒலி வேகத்தில் செய்தி போக வேண்டும். அது நொடிக்குச் சுமார் 5 கி.மீ.

இதையே திருப்பிப் போட்ட சிற்பம் ஒன்றை அமெரிக்கரான ஆர்தர் கேன்சன் செய்தார். ஒரு முனையில் மோட்டார் விடாமல் ஓடுகிறது. நடுவில் 12 வார்ம் கியர் (திருகு ஒன்று பல்சக்கரத்தைச் சுற்றும் அமைப்பு) ஜோடிகள், ஒவ்வொன்றும் வேகத்தை ஐம்பதில் ஒரு பங்காக்கும். கடைசிச் சக்கரத்தைக் கான்கிரீட்டில் புதைத்தே விட்டார். ஆனாலும் மோட்டார் பாட்டுக்கு ஓடுகிறது, ஏனென்றால் அந்தக் கடைசிச் சக்கரம் ஒரு சுற்று முடிக்க 2 லட்சம் கோடி ஆண்டுக்கு மேல் ஆகும். பிரபஞ்சத்தின் வயதே 1,380 கோடி ஆண்டுதான்.

ஒளி வேகத்துக்குக் கிட்டத்துல சுத்தினா விளிம்பு சுருங்குமே, அப்போ பல் எண்ணிக்கை குறையுமா?

குறையாது. 40 பல் என்றால் யார் எண்ணினாலும் 40. மாறுவது நீளக் கணக்கு. வேகமாக ஓடும் பொருள் ஓடும் திசையில் சுருங்கும் என்ற சார்பியல் விதியை வைத்து, இயற்பியலாளர் எரன்ஃபெஸ்ட் 1909-இல் எழுப்பிய புதிர் இது. விளிம்பில் நிற்பவர் கையிலுள்ள அளவுகோல் ஓட்டத் திசையில் சுருங்கும், ஆரத்தின் திசையில் சுருங்காது. அதனால் விளிம்பைச் சுற்றி அதிக அளவுகோல்கள் அடங்கும். சுற்றளவை விட்டத்தால் வகுத்தால் π-ஐ விட அதிகம் வரும். யூக்ளிட் வடிவியல் அங்கே செல்லாது. ஈர்ப்புக்கு வளைந்த வடிவியல் தேவைப்படும் என்று ஐன்ஸ்டைன் யோசிக்க இந்தச் சுழலும் தட்டு உதவியது.

அணுக் கடிகாரத்துல பல்சக்கரம் கிடையாதுதானே?

உலோகத்தில் கிடையாது. ஆனால் பல்சக்கரத்தின் வேலை அங்கே இருக்கிறது. சுவர்க் கடிகாரத்தில் நொடி முள் 720 சுற்று சுற்றினால் மணி முள் ஒரு சுற்று. வேகமான துடிப்பை எண்ணக்கூடிய மெதுவான துடிப்பாக மாற்றிக் கொடுப்பதுதான் சக்கரங்களின் வேலை. ஸ்ட்ரான்சியம் அணுவைக் கொண்ட ஒளிக் கடிகாரத்தில் துடிப்பு நொடிக்குச் சுமார் 429 லட்சம் கோடி முறை. எந்த மின்னணுக் கருவியும் அதை நேரடியாக எண்ணாது.

இதற்கு வழி காட்டியவர்கள் ஹால், ஹான்ஷ் என்ற இயற்பியலாளர்கள், 2005-இல் நோபல் பெற்றார்கள். மிகக் குறுகிய லேசர் துடிப்புகளைச் சீரான இடைவெளியில் விட்டால், அந்த ஒளியின் நிறமாலையில் லட்சக்கணக்கான கோடுகள் சம இடைவெளியில் நிற்கும். பார்க்கச் சீப்பு மாதிரியே இருக்கும், பெயரும் சீப்புதான். தமிழில் சீப்புக்கும் பல், சக்கரத்துக்கும் பல். இங்கே இரண்டும் ஒன்றாகிவிடுகிறது. ஒளியின் அதிர்வெண் எத்தனையாவது பல்லுக்குப் பக்கத்தில் விழுகிறது என்று பார்த்து, பல் இடைவெளியை ரேடியோ அலையில் எண்ணிவிடலாம். வழுக்கல் இல்லாத முழு எண் விகிதம் என்று முதல் பதிலில் சொன்னது அப்படியே இதற்கும் பொருந்தும். 2020-இல் வெளியான சோதனையில், டோக்கியோ ஸ்கைட்ரீ கோபுரத்தில் 450 மீட்டர் உயரத்தில் வைத்த கடிகாரம் தரையில் இருந்ததைவிட நாளுக்கு 4 நானோ நொடிக்குச் சற்று அதிகமாக முந்துவதை இத்தகைய கடிகாரங்களால் அளந்தார்கள். உயரம் கூடினால் கடிகாரம் வேகமாக ஓடும் என்று ஐன்ஸ்டைன் சொன்ன அளவுதான்.

எலக்ட்ரான் ஒரு சுத்து சுத்தினா பழைய நிலைக்கு வராது, ரெண்டு சுத்து வேணும்னு படிச்சேன். நாணயம் ரெண்டு தடவை சுத்துறதும் இதுவும் ஒண்ணா?

இல்லை. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறைய. நாணயம் ஒரு வலம் வருவதற்குள் இரண்டு முறை சுற்றுகிறது, அவ்வளவுதான். எலக்ட்ரானின் தற்சுழற்சியில் 360 பாகை திருப்பினால் எலக்ட்ரானைக் குறிக்கும் அலையின் குறி (கூட்டல், கழித்தல்) மாறிவிடும், 720 பாகை திருப்பினால்தான் பழையபடி ஆகும். நியூட்ரானுக்கும் அப்படியே. 1975-இல் நியூட்ரான் கற்றையை இரண்டாகப் பிரித்து, ஒன்றைக் காந்தப்புலத்தால் திருப்பி, மறுபடி சேர்த்து இதைச் சோதனையிலேயே பார்த்தார்கள்.

இதற்குச் சரியான பல்சக்கரத் துணை ஒன்று உண்டு. சுற்றிக்கொண்டே இருக்கும் மேடைக்குக் கம்பி முறுக்கிக்கொள்ளாமல் மின்சாரம் கொடுக்கும் அமைப்பு அது. 1971-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது. கம்பியைத் தூக்கிச் சுற்றும் சட்டம் ஒரு சுற்று வரும்போது மேடை சரியாக இரண்டு சுற்று வரும்படி 2-க்கு 1 விகிதத்தில் பற்களைப் பூட்டியிருப்பார்கள். இரண்டு சுற்றுக்கு ஒருமுறை கம்பி தானாகவே முறுக்கை விட்டுவிடும். மூன்று பரிமாணத்தில் ஒரு சுற்று முறுக்கை அவிழ்க்க முடியாது, இரண்டு சுற்றை அவிழ்க்கலாம் என்ற கணக்குதான் எலக்ட்ரானிலும் இருப்பது.

இதைப் பார்க்க ஒரு டம்ளர் தண்ணீர் போதும். டம்ளரை உள்ளங்கையில் நிறுத்திக்கொள்ளுங்கள். சிந்தாமல், அக்குளுக்கு அடியில் கொண்டுபோய் ஒரு முழுச் சுற்று திருப்புங்கள். டம்ளர் பழைய இடத்துக்கு வந்துவிடும், ஆனால் கை முறுக்கிக்கொண்டு முழங்கை மேலே நிற்கும். நிறுத்தாமல் அதே திசையில், இந்த முறை தலைக்கு மேலாக, இன்னொரு சுற்று திருப்புங்கள். கை நேராகிவிடும், தண்ணீரும் சிந்தியிருக்காது.